என் மகனை முதலில் தூக்கியவர்

இரண்டு வருடத்துக்கு முன், பெரும்போக நெல் வெட்டுக்கு எங்கள் பக்கம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம், வன்னியில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் இது நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். பிழை விட்டவன் நான்.

இதைப் பெரியவர்களுக்கு எழுதினால், "இதெல்லாம் ஒரு விசயமோ" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பிள்ளைகள் நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் மூத்த மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். சில நாளுக்கு முன் சோறு தின்றுகொண்டிருந்தவள், "அப்பா, தம்பி பிறந்தோடன எங்கட ஆக்களில ஆர் அவனை முதல் தூக்கினது?" என்று கேட்டாள். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற என் மனைவி, "அதை அப்பாவிட்டயே வடிவாக் கேள்" என்றார். அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட வயல் செய்கிறவன். மகளுக்குப் பிறகு எங்களுக்கு வெகுகாலமாகப் பிள்ளை இல்லை. மனைவி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். பிறகு ஒரு பிள்ளை தங்கியது. ஆனால் மாதம் நிறைய முன்னமே வயிற்றுக்குள் ஏதோ சரியில்லை என்று சொல்லி, சில நாள் வாட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒப்பரேசன் செய்து எடுக்கவேண்டும் என்றார்கள்.

ஒப்பரேசன் நடந்த அன்று காலையில், வீட்டுக்குப் போய் மனைவியின் உடுப்புகளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வரும் வழியில் கடையில் ஒரு பை ரொபி இனிப்பும் ஒரு பெட்டி சிகரட்டும் வாங்கினேன். இது ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் ஒரு தட்டம் சுற்றி வரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பக்கத்தில் சுருட்டு, பீடி, வசதியான வீடென்றால் சிகரட். பெண்களும் பிள்ளைகளும் இனிப்பு எடுப்பார்கள், ஆண்கள் தட்டத்தில் கை வைப்பார்கள். எடுக்காமல் விட்டால் வீட்டுக்காரருக்கு முகம் கறுக்கும். நான் சின்ன வயதில் இருந்து அதைத்தான் பார்த்து வந்தவன். பிள்ளை பிறந்த செய்தியைக் கொண்டு வருகிறவருக்கு வெறும் கையைக் காட்டக் கூடாது என்பதுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பலகை ஒன்று இருந்தது. புகைத்தல் பொருட்களும் நெருப்புப்பெட்டியும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். வாசலில் நின்ற காவலாளி ஒவ்வொருவருடைய பையையும் சேட்டுப் பொக்கற்றையும் பார்த்துத்தான் விட்டார். நான் சாரம் கட்டியிருந்தேன். இடுப்பில் சுருட்டிச் செருகும் மடிக்குள் சிகரட் பெட்டியையும் நெருப்புப்பெட்டியையும் வைத்துக்கொண்டு, பொக்கற்றைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனேன். கெட்டித்தனம் செய்துவிட்டதாக ஒரு சந்தோசம் வேறு.

பிரசவ வாட்டுக்கு வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்து இருந்தேன். அந்த வாட்டில் வேலை செய்த சிற்றூழியர் ஒருவர், என்னிலும் வயது குறைந்தவர், முதல் நாளில் இருந்தே எங்களுடன் நல்ல பழக்கம். மனைவியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, "அக்கா, பயப்பிடாதேங்கோ, இந்த வண்டியின்ர சத்தம்தான் பெரிசு, ஒப்பரேசன் சின்னன்" என்று சிரிப்புக் காட்டியவர். அவர்தான் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணை, பெடியன். தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை கொஞ்சம் சின்னன், அதால தனி அறைக்குக் கொண்டு போட்டினம். யோசிக்காதேங்கோ."

நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ரொபிப் பையை நீட்டினேன். இரண்டு எடுத்தார். பிறகு நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மடியைக் கொஞ்சம் விரித்துப் பெட்டியைக் காட்டினேன்.

அவருடைய முகம் மாறியது. "வேண்டாம் அண்ணை. நான் விட்டிட்டன். இஞ்ச இப்ப ஒருத்தரும் பத்திறதில்லை. டொக்டர்மாரில இருந்து எங்கள் வரைக்கும் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

அதோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும்.

"என்ன தம்பி, இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு ஆம்பிளைப் பிள்ளை. நீர் ஒண்டு எடுக்காட்டில் எனக்கு என்ன சந்தோசம்" என்றேன்.

"ரொபி எடுத்திட்டன்தானே அண்ணை."

"ரொபி பொம்பிளையளுக்கு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது, தான் மதிக்கிற ஒருவர் வற்புறுத்தும்போது என்ன செய்வதென்று தெரியாமல் வருகிற சிரிப்பு. அது இப்போது எனக்கு விளங்குகிறது. அவருடைய கையைப் பிடித்துக் கட்டடத்துக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தண்ணீர்த் தாங்கி ஒன்றும், துவைத்த படுக்கை விரிப்புகள் காயப்போட்டிருந்த கொடிகளும் இருந்தன. வெயில் வந்து விரிப்புகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நானே அவருக்குப் பற்றவைத்துக் கொடுத்தேன். நானும் ஒன்று பற்றவைத்தேன்.

முதல் இழுவையிலேயே அவருக்கு இருமல் வந்துவிட்டது. "விட்ட சாமான் திரும்பி வந்தால் முதல் தொண்டையைத்தான் விசாரிக்குது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த நேரம் எங்களுக்கு மேலே இருந்த ஜன்னலில் ஒரு நேர்ஸின் குரல் கேட்டது. "ஆர் அங்க பத்திறது? உள்ள பிள்ளையள் கிடக்கிறது தெரியாதோ?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வயலில் யானை வந்தால் மரத்துக்குப் பின்னால் பதுங்குவோமே, அந்த மாதிரி. சிகரட்டைக் காலில் போட்டு மிதித்தேன். சிற்றூழியர் அசையாமல் நின்றார். கையில் சிகரட் எரிந்துகொண்டிருந்தது.

"நீங்களோ?" என்று நேர்ஸ் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. ஏசியிருந்தால்கூட இவ்வளவு நினைவில் நின்றிருக்காது. நம்பியிருந்த ஒருவரிடம் கேட்கிற குரல் அது. அவர் சிகரட்டை அணைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இருந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் என்னையும் கண்டுவிடுவார்கள் என்பதற்காகத்தான்.

நான் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு, சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து வாங்கில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில், "பிள்ளையின்ர அப்பா வாங்கோ" என்று கூப்பிட்டார்கள்.

சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் அறை அது. எங்கள் பிள்ளை ஒரு முழுக் கையளவுதான் இருந்தான். தலையில் பின்னல் தொப்பி, காலில் பின்னல் சப்பாத்து. அங்கிருந்த நேர்ஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்படி நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு உடம்பில் சூடு தங்காதாம். தாயின் வெறும் நெஞ்சில், தோலோடு தோலாக வைத்துப் போர்த்துவிட்டால் அந்தச் சூட்டிலேயே பிள்ளை தேறுமாம், மூச்சும் சீராகுமாம்.

"தாய்க்கு இப்ப காய்ச்சல் அடிக்குது, அவாவால ஏலாது. நீங்கள் வச்சிருங்கோ. தகப்பன்ர நெஞ்சும் நல்ல சூடுதான்" என்றார்.

பிள்ளைகளே, எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. சேட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்து இருந்தேன். மடியில் சிகரட் பெட்டி இருந்தது. அது தெரியாமல் வயிற்றை எக்கிக்கொண்டேன்.

நேர்ஸ் பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். குனிந்தார். என் நெஞ்சுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அவனுடைய கண் இமையைக்கூடப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டார். பிறகு பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீங்கள் புகைச்சனீங்களோ?"

"இல்லை மிஸ்."

"மணக்குதே."

"அது வந்து, அந்த வாட்டில வேலை செய்யிறவர் பின்னால நிண்டு பத்தினவர். நான் பக்கத்தால வந்தனான்."

ஒருவரும் என்னை அடிக்க வரவில்லை. ஒருவரும் என்னிடம் அவரைப் பற்றிக் கேட்கவும் இல்லை. நானாகச் சொன்னேன். இவ்வளவு நாளும் என்னை அண்ணை என்று கூப்பிட்டவரை, நானே பற்றவைத்துக் கொடுத்த சிகரட்டுக்காகக் காட்டிக்கொடுத்தேன்.

நேர்ஸ் என் விரல்களைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "ஆர் பத்தினாலும் உங்கட தோலிலயும் மூச்சிலயும் இருக்கிறது புகைதான். இந்தப் பிள்ளையின்ர நுரையீரல் இன்னும் முத்தேல்லை. இண்டைக்கு நீங்கள் வேண்டாம். குளிச்சு, தோய்ச்ச உடுப்போட, பத்தாமல் நாளைக்கு வாங்கோ, பாப்பம்" என்றார். "வேற ஆர் இருக்கினம் உங்களோட?"

நான் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அந்த அறையின் ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடி வழியாக ஒரு தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. காற்றில் படுக்கை விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு மிகக் கிட்ட இருந்தது என் மகனுடைய கட்டில்.

நல்ல வேளை, அந்த நேரம் சாப்பாட்டுக் கரியரோடு மாமா வந்து சேர்ந்தார். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. வாழ்நாளில் ஒரு பீடிகூடக் குடிக்காதவர். தட்டம் வரும்போது வெற்றிலையை மட்டும் எடுத்துவிட்டுத் தள்ளிவிடுகிறவர். அதற்காக நானே பலமுறை அவரைப் பகிடி பண்ணியிருக்கிறேன். நேர்ஸ் அவரைக் கை கழுவவைத்து, சேட்டைக் கழற்றவைத்து, நெஞ்சைத் துடைத்து, அதே கதிரையில் இருத்தினார். வெயிலில் கறுத்த அந்த நெஞ்சில் பிள்ளையை வைத்து மேலே ஒரு துணியால் சுற்றிக் கட்டினார். மாமா மூச்சு விடவே பயந்தார்.

"மூச்சு விடலாம் ஐயா" என்றார் நேர்ஸ்.

"விட்டால் எழும்பிப்போடுவான் பிள்ளை" என்றார் மாமா.

நான் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மாமா என்னைக் கண்டதும், "என்ன மருமோன், பெத்தது நீ, அடைகாக்கிறது நானோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்குக் காரணம் தெரியாது. பகிடிக்குத்தான் கேட்டார். நானும் சிரித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் கால் மெல்லமெல்ல அசைவதை நிறுத்தியது. நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கத் தொடங்கியது. மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. சிறுநீர் கழிக்கவும் எழும்பவில்லை.

மனைவியிடம் போனேன். காய்ச்சலில் கண் திறக்கவே கஷ்டப்பட்டார். ஆனால் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையைத் தூக்கினனீங்களோ? எப்பிடி இருக்கிறான்?" என்பதுதான்.

"மாமா வச்சிருக்கிறார்" என்றேன்.

"ஏன், நீங்கள்?"

"எனக்குத் தடிமன், மூக்கு ஓடுது."

"விடியக்காலமை இல்லாத தடிமனோ?" என்றார். நான் அவருடைய நெற்றியைத் தொடக் கையைக் கொண்டுபோனேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபத்தில் இல்லை. என் கை மணத்தது.

வெளியே வந்தால் அந்தச் சிற்றூழியர் மேற்றனுடைய அறை வாசலில் நின்றார். நேர்ஸ்மாருக்கெல்லாம் பொறுப்பானவர் மேற்றன். பக்கத்தில் தரை கூட்டிக்கொண்டிருந்த பெண் ஒருவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "பாவம் அந்தத் தம்பி. இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை. இப்ப போய் இப்பிடிச் செய்திருக்கு."

என்னைக் கண்டதும் அவர் கிட்ட வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணை, நீங்கள் யோசிக்காதேங்கோ. நான் தனியத்தான் பத்தினதெண்டு சொல்லிப்போட்டன். உங்களைச் சொன்னால் பிள்ளைக்குக் கிட்ட விடமாட்டினம். பிள்ளையைத் தூக்கினனீங்களோ?"

இதைக் கேட்ட பிறகும் சும்மா நின்றால் நான் மனிசனே இல்லை என்று தோன்றியது. அவரைத் தாண்டி மேற்றனுடைய அறைக்குள் போனேன். பிள்ளையை வைத்திருந்த அறை நேர்ஸும் அங்கே நின்றார். சிகரட் பெட்டியையும் நெருப்புப்பெட்டியையும் மடியில் இருந்து எடுத்து மேசையில் வைத்தேன். "இது நான் கொண்டு வந்தது. அவர் வேண்டாம் எண்டவர். நான்தான் விடாமல் குடுத்தனான். மிஸ்ஸிட்டச் சொன்னதும் பொய்" என்றேன்.

மேற்றன் என்னை இருக்கச் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. "உங்களுக்கு நான் என்ன செய்யிறது? நீங்கள் வெளியாள். பிள்ளையோட வீட்டை போயிடுவியள். அவர் எங்கட ஆள். ஆர் குடுத்தாலும் வாங்கினது அவர். அவருக்குத்தான் நான் ஏதும் செய்யவேணும்" என்றார். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு சொன்னார்: "அவர் அதை விட எவ்வளவு கஷ்டப்பட்டவர் தெரியுமோ? கை பதறி, நித்திரை இல்லாமல் திரிஞ்சவர். ரீ குடிக்கிற நேரத்தில தனிய விட்டால் போய்ப் பத்திப்போடுவார் எண்டு, எங்களில ஒராள் எப்பவும் அவரோட நிண்டது. இண்டைக்கு ஒருத்தரும் நிக்கேல்லை. நீங்கள் நிண்டிருக்கிறியள்."

பெட்டியை என் பக்கம் தள்ளினார். "இதை எனக்கு ஏன் தாறியள்? கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ."

நான் உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடக் கதைகளில் அப்படித்தான் முடியும். இங்கே அப்படி முடியவில்லை. அவரை அந்த வாட்டில் இருந்து எடுத்து வாசல் காவலுக்குப் போட்டார்கள். வேலை போகவில்லை, அது மட்டும்தான் ஆறுதல்.

நான் வீட்டுக்குப் போய்க் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். சவுக்காரக் கட்டி கரைந்ததே தவிர விரலில் இருந்த மணம் போனதாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு நான் புகைக்கவில்லை. அடுத்த நாள் நேர்ஸ் என் கையை வாங்கி மணந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தந்தார். வளர்ந்த மனிதன் நான், பள்ளிக்கூடப் பிள்ளை நகம் காட்டுகிற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மகன் என் நெஞ்சுக்கு வந்தான். கொஞ்ச நேரம் சிணுங்கினான். "பாட்டன்ர நெஞ்சுக்குப் பழகிப்போட்டான், மருமோன்" என்றார் மாமா. அந்தப் பகிடிக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். பிறகு நிறை பார்க்கும் கிளினிக்குக்கு அவனைக் கொண்டுபோனபோது வாசலில் அந்தச் சிற்றூழியர் நின்றார். வரிசையில் வந்தவர்களின் பையையும் பொக்கற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய முறை வந்தது. பொக்கற்றைக் காட்டினேன்.

"மடியையும் காட்டுங்கோ அண்ணை" என்றார்.

எனக்குப் பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். மனைவி பிள்ளையோடு பக்கத்தில் நின்றார். நான் மடியை அவிழ்த்துக் காட்டினேன். இரண்டு ரொபி இருந்தது. அவர் சிரித்துவிட்டார். ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, அண்டைக்கு மிஸ்ஸிட்ட உம்மைச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும் அண்ணை. அண்டைக்குப் பின்னேரமே தெரியும்."

"இப்ப எப்பிடி, பத்திறேல்லையே?" என்று கேட்டேன். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு, "வேலை நேரத்தில இல்லை. வீட்டை போனால் சில நாள் ஏலாமல் போகுது. திரும்பவும் முதல்ல இருந்துதானே தொடங்கவேணும்" என்றார். பிறகு பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதற்கு முன் தன் கையைத் தானே ஒருமுறை மணந்து பார்த்துக்கொண்டார்.

என் வீட்டுத் தட்டத்தில் இப்போது வெற்றிலை பாக்கு மட்டும்தான். ஆனாலும் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் இருக்கும்போது யாராவது அந்தத் தட்டத்தை என் பக்கம் தள்ளினால், அதைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் நகர்த்த எனக்குக் கை வருவதில்லை. அதை விடுவதற்காக அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருக்கிறாரோ, எனக்கு எப்படித் தெரியும்.